அக்டோபர் 10 ஊர்வலமும் அடுத்த நாள் ஓ.பி. வரிசையும்



அக்டோபர் 10 உலக மனநல நாள். ஆண்டுதோறும் அன்று மாவட்டத் தலைநகரங்களில் ஊர்வலம் நடக்கிறது. கல்லூரி மாணவிகள் பதாகை பிடிக்கிறார்கள், மேடையில் ஓர் அதிகாரி “தயங்காமல் சிகிச்சைக்கு வாருங்கள்” என்கிறார். அதை நம்பி மறுநாள் அரசு மருத்துவமனைக்கு வருபவர் ஓ.பி. சீட்டு வாங்கி, அரை நாள் வரிசையில் நின்று, மருத்துவர் முன் உட்கார்ந்த சில நிமிடங்களில் எழுந்துவிடுகிறார். “தூக்கம் வருதா? பசி எடுக்குதா?” என்ற கேள்விகள் முடிந்ததும் மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. தூக்கம் ஏன் போனது என்று கேட்பதற்குள் அடுத்தவர் பெயர் கூப்பிடப்படுகிறது.

இதில் மருத்துவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இருக்கும் ஒரு மருத்துவர் ஒரு காலை வேளையில் இத்தனை பேரைப் பார்க்க வேண்டுமென்றால் மாத்திரை எழுதத்தான் நேரமிருக்கும். என் எதிர்ப்பு அரசின் கணக்கின் மீதுதான். மாத்திரை கையிருப்புக்குக் கணக்கு வைக்கும் நிர்வாகம், உளவியல் சிகிச்சை எத்தனை பேருக்கு, எத்தனை அமர்வுகள் கிடைத்தது என்று கேட்பதாகத் தெரியவில்லை. அந்தச் சிகிச்சை ஏதோ ஆறுதல் வார்த்தை, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் காரணம்.

ஆறுதலுக்கும் சிகிச்சைக்கும் உள்ள தூரத்தைப் பேனிக் அட்டாக் என்ற ஒரு பிரச்சினையிலேயே பார்க்கலாம். ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது. மாரடைப்பு என்று பயந்து ஆட்டோ பிடித்து ஓடுகிறார். இ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல். “உங்களுக்கு ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஓட்டம். படபடப்பு வந்ததும் “செத்துவிடுவேன்” என்ற எண்ணம், அந்த எண்ணத்தால் பயம், பயத்தால் இன்னும் படபடப்பு என்ற இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-இல் தெளிவாக விளக்கினார். இதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் தைரியம் சொல்லிக்கொண்டு இருப்பதில்லை. நோயாளியை வேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறார், படியேறி இறங்கச் சொல்கிறார். பயந்த அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாகத் தணிவதை அவரையே பார்க்க வைக்கிறார். எங்கே மறுபடி வந்துவிடுமோ என்று பேருந்தில் ஏறவே அஞ்சியவர் படிப்படியாகத் தனியாகப் பயணம் போகிறார். ஆல்பிரசோலம் போன்ற மாத்திரை அந்த நேரத்துப் படபடப்பை அடக்கும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு விடுவது பெரும்பாடு. பேருந்து பயத்தை அது போக்குவதும் இல்லை.

கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோகும் ஓ.சி.டி. நோயாளிகளுக்கும் இப்படியொரு முறை 1960களிலிருந்தே இருக்கிறது. அழுக்கைத் தொடவைத்து, கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்கும் முறை அது. மனச்சோர்வுக்கு ஆரோன் பெக் அமெரிக்காவில் உருவாக்கிய அறிவுசார் சிகிச்சை உலகெங்கும் சோதிக்கப்பட்டது. கடுமையில்லாத மனச்சோர்வுக்கு முதலிலேயே வழக்கமாக மாத்திரையை நீட்ட வேண்டாம் என்பது 2022-இல் பிரிட்டனின் ‘நைஸ்’ சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மருந்துதான் அடித்தளம். கடுமையான மனச்சோர்வுக்கும் பெரும்பாலும் மருந்து வேண்டியிருக்கும். அங்கேயும் நோயைப் புரிந்துகொள்ளவும், குடும்பத்தைத் தயார்படுத்தவும், மீண்டும் வேலைக்குப் போகவும் உளவியல் உதவி சேர்ந்தே வர வேண்டும்.

“இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம்” என்று கோப்பை மூடுகிறவர்கள் கோவாவைப் பார்க்கட்டும். அங்கே மனநல மருத்துவர் விக்ரம் படேல் தலைமையிலான குழு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியது. மனச்சோர்வில் முடங்கியவர்களை மறுபடி சிறுசிறு வேலைகளில் இறங்க வைப்பதுதான் அவர்கள் கொடுத்த சிகிச்சை. மொத்தம் ஆறு முதல் எட்டு அமர்வுகள். 2017-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் சுகாதாரப் பெண் பணியாளர்களே கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மாருக்கும் இதுபோன்ற சிகிச்சை கொடுத்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 சதவீதம். அந்தச் சிகிச்சை இல்லாத கிராமங்களில் 53 சதவீதம். இந்த ஆய்வு வெளிவந்தது 2008-இல்!

காப்பீட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-இல் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. உளவியல் சிகிச்சைக்கு யாரும் படுக்கையில் சேர வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை வந்து போனால் போதும். ஆக, நோயாளி மருத்துவமனையில் சேராமல் காக்கும் சிகிச்சைக்குக் காசில்லை, சேரும் அளவுக்கு நோய் முற்றினால் காசு உண்டு. சென்னையில் தனியாரிடம் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கேட்பது சாதாரணம். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டுகிறவரால் எட்டு அமர்வுகள் போக முடியுமா?

போக முடியாதவர்கள் மலிவாகக் கிடைப்பவரிடம் போகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். வெறுமனே ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று பலகை மாட்டுபவரை ஏனென்று கேட்க ஆளில்லை. வார இறுதி வகுப்புச் சான்றிதழோடு ஒருவர் தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டு அரசு எதுவும் செய்யவில்லை என்பது நியாயமாகாது. நீட் எழுதிய மாணவர்களை 104 தொலைபேசிச் சேவை வழியாக அழைத்துப் பேசியதும், 14416 எண்ணில் எந்நேரமும் மனநல உதவி கிடைப்பதும் நல்ல காரியங்கள். ஆனால் தொலைபேசியில் ஆபத்தைத் தாண்டியவர் அடுத்து எங்கே போவார்? மறுபடி அதே ஓ.பி. வரிசைக்குத்தான்.

சுகாதாரத் துறை அமைச்சர் கவனிக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகிறார்கள். கோவா முறையில் பயிற்சி கொடுக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்கமாட்டார்கள். அவர்களை மேற்பார்க்க ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் ஒரு மருத்துவ உளவியலாளரை, ஒப்பந்தக் கூலியில் அல்லாமல், நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள். ஓ.பி. சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே அடுத்த அமர்வின் தேதியையும் எழுத உத்தரவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உளவியல் சிகிச்சையை ஓ.பி. அளவிலேயே சேருங்கள். அடுத்த அக்டோபர் 10-க்குள் இதற்கான அரசாணை வரட்டும்.

– வாசகர் ஒருவர், திருச்சி