மலை மேல பழி போடாதீங்க

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேட்டுல வந்து நிக்கிற கார்கள்ல சிலது, நின்ன இடத்துலயே எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி உதறும். சிலது அணைஞ்சே போயிடும். உடனே, "மலைங்க, காத்து கம்மி, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிடுறாங்க. இதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கார்புரேட்டர் காலத்துல அது பாதி உண்மை. ஆயிரம் மீட்டருக்கு மேல காத்து ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு மெலிஞ்சிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கூடுதலா பெட்ரோலை விட்டுட்டு திணறும். இப்ப உள்ள இன்ஜெக்ஷன் வண்டியில சென்சார் காத்தை அளந்து பெட்ரோலைக் குறைச்சுக்குது. அதுவும் திணறுதுன்னா நோய் கீழ இருந்தே வந்திருக்கு.

சூடேறின பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 700லேர்ந்து 900 சுத்து, ஒரே சீரா ஓடணும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் வேகமா ஓடுறதும், ஏசி போட்டா லேசா மாறுறதும் நோய் இல்ல.

மாடு தீவனம் எடுக்கலைன்னா முதல்ல வாயைத் திறந்து பாப்போம், ஊசி அப்புறம்தான். வண்டிக்கும் அதே முறைதான். ஏர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கா, ரப்பர் ஹோஸ் எங்கயாவது வெடிச்சிருக்கா, த்ராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கா, ஸ்பார்க் பிளக் எப்படி இருக்குன்னு பாக்கணும். அப்புறம் ஸ்கேனர் போடலாம். ஐடிலிங்ல உதறி, ஆக்சிலேட்டர் மிதிச்சா சரியாகுதுன்னா, எங்கயோ காத்து கசியுதான்னு முதல்ல சந்தேகப்படுங்க.

எங்க ஊர்ல வாடகை கார் ஓட்டுற பையன் ஒருத்தன். டவுன் ஒர்க்‌ஷாப் ஒண்ணுல பிளக், காயில், சென்சார்னு ஒண்ணொண்ணா மாத்தியே அவன் ஒரு மாச வருமானத்தைக் கரைச்சாங்க. கடைசியில பாத்தா, பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ்ல ஒரு கீறல். பிரேக் மிதிக்கிறப்பல்லாம் சத்தம் மாறுதுன்னு அவன் முதல் நாளே சொல்லியிருக்கான். யாரும் காது குடுக்கல.

இதுல பணம் போறது சின்ன விஷயம். அந்த ஹோஸ் கசிஞ்சா பிரேக் கல்லு மாதிரி இறுகிடும். வளைவுல எஞ்சின் அணைஞ்சா ஸ்டியரிங்கும் கனத்துடும், பூஸ்டர்ல மிச்சமிருக்கிற வேகுவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் தாங்கும். பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சுட்டு இறங்குறவங்களுக்கும் இதே கதிதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே ஒண்ணு பண்ணிப் பாருங்க. எஞ்சினை அணைச்சுட்டு, பெடல் இறுகுற வரைக்கும் நாலஞ்சு தடவை பிரேக் மிதிங்க. காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலைன்னா மெக்கானிக்கைப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க. ஆகாய கங்கை எங்கயும் போயிடாது.