பாத்ரூமுக்கு எர்த் கேட்டால் திமிரா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். உங்களில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். சிலர் வீடு கட்டி வாடகைக்கு விடும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

என் தங்கை மகள் சென்னைப் புறநகரில் வாடகைக்கு இருக்கிறாள். ஹீட்டர் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று ஓனரிடம் சொன்னாள். "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிம்மா. முன்னாடி இருந்தவங்க யாரும் சொல்லலையே" என்றாராம். மறுபடி கேட்டதற்கு, "இவ்வளவு பேசுறவங்க சொந்த வீடு வாங்கிக்க வேண்டியதுதானே" என்று பதில். அந்த வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. இப்படிப் பேசுபவர் அவர் ஒருவர் மட்டும் என்றால் இந்தப் பதிவே தேவையில்லை.

எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 50 மில்லி ஆம்பியர் ஓரிரு நொடி உடம்பில் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். இப்போது மெயின் பாக்ஸில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை நினைத்துப் பாருங்கள். அதற்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஒயர் சூடாகி எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் அது விழாது. "எங்க வீட்ல பிரேக்கர் இருக்கு சார்" என்பவர்கள் இதைத்தான் புரிந்துகொள்ளவில்லை.

ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், கசிவு வந்த உடனேயே, யாரும் தொடுவதற்கு முன்பே துண்டிக்கும். அதனால் இரண்டும் வேண்டும்.

ஹீட்டரோடு விஷயம் முடியவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கு இரண்டே ஒயர்தான் போகிறது, எர்த் கிடையாது. வருஷக்கணக்கில் ஆவியும் தூசியும் மோட்டாருக்குள் போய்க் கசிவு ஏற்பட்டால், ஃபேனின் இரும்புச் சட்டம் மட்டுமல்ல, அதை முடுக்கியிருக்கும் ஜன்னல் கம்பியும் ஷாக் அடிக்கும். லைட்டில் இன்னொரு வினை. அவசர எலக்ட்ரீசியன் ஃபேஸில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டால், லைட் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். ஈரக்கையோடு பல்பு மாற்றப் போகிறவர் கதி என்ன?

எல்லாவற்றையும் விடக் கொடுமை, எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுவது. வெளியே நியூட்ரல் ஒயர் அறுந்தால் ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். இதற்குப் பெயர் சிக்கனமா?

குளியலறைக்கென்று உலக நாடுகள் பின்பற்றும் ஐ.இ.சி. தரநிலை இருக்கிறது. தொட்டி இல்லாத குளியலறையில் ஷவரிலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை, 2.25 மீட்டர் உயரம் வரை சாதாரண சுவிட்சோ சாக்கெட்டோ இருக்கக் கூடாது. அதற்குள் வரும் சாதனங்கள் தண்ணீர் தெறித்தால் தாங்குபவையாக இருக்க வேண்டும். நம் ஊர் நாலுக்கு ஆறு பாத்ரூமில் அனேகமாக எல்லாமே இந்த எல்லைக்குள் வந்துவிடும். சுவிட்சுக்கு இடம் கதவுக்கு வெளியேதான்.

"ஆர்.சி.சி.பி. போட்டா சும்மா சும்மா விழுது சார்" என்கிறார்கள். சும்மா விழவில்லை. எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. கசிவைத் தேடிச் சரிசெய்யாமல் கருவியைக் கழற்றி எறிவது, காய்ச்சல் காட்டுகிறதே என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல. "செலவு யார் செய்வது?" என்பது அடுத்த கேள்வி. ஆர்.சி.சி.பி. சில ஆயிரம் ரூபாய். வாங்கி வைத்திருக்கும் அட்வான்ஸில் அது எந்த மூலை?

சட்டம் என்ன சொல்கிறது? 2019 முதல் நடைமுறையில் இருக்கும் நம் மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, வீட்டின் ஒயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், பிரேக்கர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. இதைக் காட்டித்தான் சில ஓனர்கள் கை கழுவுகிறார்கள். இருக்கும் பொருளைத்தான் பழுது பார்க்க முடியும். வீட்டில் இல்லவே இல்லாத எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் குடியிருப்பவர் எப்படிப் பழுது பார்ப்பார்? மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2023-இல் விதியைத் திருத்தி இந்தக் கசிவுக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கிவிட்டது. கதவும் கூரையும் போல இதுவும் வீட்டின் ஒரு பகுதி. குடியிருப்பவர் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இல்லை.

வாடகைக்கு விடும் என் மாணவர்களே, ஆள் மாறும்போது சுண்ணாம்பு அடிக்கிறீர்கள் அல்லவா? அன்றைக்கே உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்த்துவிடுங்கள்.

வாடகைக்குப் போகிறவர்களே, தண்ணீர் வருகிறதா, பார்க்கிங் உண்டா என்று கேட்பதோடு, மெயின் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "டெஸ்ட்" அல்லது "டி" என்று எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், கருவி உடனே விழ வேண்டும். எர்த்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், அந்தப் பட்டன் அதைக் காட்டாது. ஏற்கெனவே குடியிருந்தால், குறையை ஓனருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலாவது. லேசாக இழுத்தாலும் அன்றிலிருந்து அந்த ஹீட்டரைப் போடாதீர்கள். வாளியில் வெந்நீர் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் மெயின் பாக்ஸைப் பார்த்துவிட்டு, பட்டன் இருந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தது போல ஒவ்வொருவரையும் கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் சார்