நம்மைப் பற்றிய ஆய்வில் நாம் எத்தனை பேர்?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் தொடக்கக் கல்லூரித் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தொடர்புத் துறைக்கு எந்தப் பல்கலைக்கழகம் தரவரிசையில் மேலே இருக்கிறது?" உலகத் தரவரிசைப் பட்டியல்களில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருப்பதால், பதில் சொல்வது சுலபம். ஆனால், அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது என்று அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கல்வியாளர்களிடையே உள்ள மதிப்பு, முதலாளிகளிடையே உள்ள மதிப்பு, இவற்றோடு பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு. துறைவாரித் தரவரிசையில் பெரும்பங்கு இவைதான்.

சரி, அந்தக் கட்டுரைகளில் என்னதான் இருக்கிறது? அந்தப் பள்ளியின் ஆய்வுகள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். கூர்மையான ஆய்வுகள். நம்மைப் பற்றியும் நிறையப் பேசுகின்றன. அதனாலேயே ஒரு கேள்வி எழுகிறது.

முதலில் பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. 1992ல் தொடங்கப்பட்டது. 2006ல் முன்னாள் அதிபர் வீ கிம் வீயின் பெயர் சூட்டப்பட்டது. பொருத்தமான பெயர். அதிபராவதற்கு வெகுகாலம் முன்பு, 1930ல், 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் விநியோகப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். பின்னர் செய்தியாளராகி, 1966ல், இந்தோனீசியாவுடனான 'கொன்ஃபிரன்டாசி' மோதல் முடியாத நேரத்தில் ஜகார்த்தா சென்று சுகார்த்தோவைப் பேட்டி கண்டவர்.

பள்ளியின் பேராசிரியர்களும் சிங்கப்பூருக்குள் மட்டும் ஆய்வு செய்யவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அச்சே பெசார் வட்டாரத்தில் கிராமத்து மருத்துவச்சிகள் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று அருள் சிப், மே லுவின் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2008ல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தால் மருத்துவரிடம் உடனே கேட்க ஒரு கருவி கையில் இருந்தால் என்ன மாறும் என்பது அந்த ஆய்வின் அக்கறை.

அடுத்தது 'மோ-பஸ்'. இது கட்டுரையோடு நிற்காமல் ஒரு செயலியாகவே உருவெடுத்தது. மே லுவின், சந்தோஷ் விஜயகுமார் உள்ளிட்ட குழுவினர் கொழும்பு மாநகர சபையுடனும் கொழும்புப் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து டெங்கிக் காய்ச்சலுக்காக உருவாக்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அதுவரை காகிதப் படிவத்தில் எழுதிய நோய்த் தகவலைக் கையடக்கக் கருவியில் இடக்குறிப்போடு பதியலாம். எந்த வட்டாரத்தில் நோய் பரவக்கூடும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் காட்டலாம். கொசு உற்பத்தியாகும் இடத்தைக் குடிமக்களே படம் எடுத்து அனுப்பலாம். தங்கள் இடத்துக்கு ஏற்ற சுகாதாரச் செய்தியையும் பெறலாம். ஈரடுக்கு வீவக வீட்டில் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து வைக்கப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால், காகிதம் மேசைக்கு மேசை நகர்வதற்குள் கொசு அடுத்த தெருவுக்குப் போய்விடும் ஊரில் இது பெரிய மாற்றம். செயல்படுத்தியதில் கிடைத்த பாடங்களையும் அந்தக் குழு 2017ல் தனிக் கட்டுரையாக எழுதியது. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்ததை அறிவிக்கப் பலர் இருப்பார்கள். அது தரையில் எப்படி நடந்தது என்று எழுத உட்காருபவர்கள் குறைவு.

தரவரிசைக் கணக்கில் இந்தச் செயலி ஏறுவது அதைப் பற்றிய கட்டுரைகள் வழியாகத்தான். செயலியை யார் பயன்படுத்தினார் என்பது அதில் வராது. படைப்புத் துறையில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். அந்தப் பள்ளியில் புகைப்பட இதழியல் கற்பித்த டே கே சின், அகலத் திரைபோல விரியும் சிங்கப்பூர்ப் படங்களின் தொகுப்புக்காக 2003ல் 'ஹாசல்பிளாட் மாஸ்டர்' என்ற அனைத்துலக அங்கீகாரம் பெற்றவர். ஒரு புகைப்படத்தை யாரும் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டுவதில்லை. ஆகவே அது மேற்கோள் கணக்கில் இல்லை. மாணவர் ஒருவர் அவரிடம் கற்ற பார்வை அவருடைய வாழ்நாள் முழுதும் கூட வரும் என்றாலும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பொய்ச்செய்தி.

எட்சன் டாண்டோக் அந்தப் பள்ளியின் பேராசிரியர். பிலிப்பீன்சில் நாளிதழ்ச் செய்தியாளராக இருந்தவர். அவரும் லிம் செங் வெய், ரிச்சர்ட் லிங் ஆகியோரும் 2018ல் வெளியிட்ட கட்டுரை, 2003 முதல் 2017 வரை வந்த 34 ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, 'பொய்ச்செய்தி' என்ற சொல்லை எவ்வளவு வெவ்வேறு பொருளில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டியது. அங்கதம், நையாண்டிப் போலி, முழுக் கற்பனை, படத்தைத் திரிப்பது, விளம்பரம், பிரசாரம் என்று ஆறு வகை. அவற்றை அளக்க இரண்டு கோல்கள்: அதில் உண்மை எவ்வளவு? ஏமாற்றும் எண்ணம் எவ்வளவு?

அதே குழுவினர் 2,501 சிங்கப்பூரர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். இணையத்தில் ஒரு தகவல் வந்தால் அது உண்மையா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள் என்பது கேள்வி. மக்கள் முதலில் தங்கள் சொந்தக் கணிப்பை நம்புகிறார்கள்: யார் அனுப்பியது, செய்தி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அதில் தெளிவு கிடைக்காவிட்டால்தான் வெளியே தேடுகிறார்கள். அந்த 2,501 பேருடன் 20 நேர்காணல்களையும் சேர்த்து எழுதிய இன்னொரு கட்டுரையின் முடிவு மேலும் முக்கியமானது. பொய்ச்செய்தியைக் கண்டால் பெரும்பாலோர் பேசாமல் கடந்து போகிறார்கள். அந்த விவகாரம் தமக்கும், தமக்கு மிக நெருக்கமானவர்களுக்கும் பெரிதும் தொடர்புடையதாக இருந்தால் மட்டுமே வாய் திறந்து திருத்துகிறார்கள்.

2019 அக்டோபரில் பொஃப்மா சட்டம் நடப்புக்கு வந்தது. 2020 ஜனவரியில் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையம் கிருமித்தொற்றால் மூடப்பட்டது என்ற பொய்த் தகவலுக்குத் திருத்த உத்தரவு வந்தது நினைவிருக்கலாம். சட்டத்தால் ஒரு ஃபேஸ்புக் பதிவின் மேல் திருத்தக் குறிப்பை வைக்க முடியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குறிப்பை வைக்க வேண்டியவர் நெருக்கமான ஓர் ஆள். டாண்டோக் குழுவின் முடிவு சரியென்றால், பொய்ச்செய்திக்கு எதிரான கடைசிக் காவல் உறவுகள்தான்.

அப்படியானால் நம் உறவுகளைப் பற்றி அந்த ஆய்வுக்கு எவ்வளவு தெரியும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010ல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. 2,501 பேரை மக்கள்தொகை விகிதப்படியே தேர்ந்தெடுத்தாலும், தமிழ் பேசும் வீட்டிலிருந்து வருபவர்கள் ஏறத்தாழ 63 பேர். அதில் தாத்தா, பாட்டி வயதினர் எத்தனை பேர் இருப்பார்கள்? பத்து? பன்னிரண்டு? அந்த எண்ணிக்கையை வைத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்யும் அண்ணன்மார். 2020ல் கொவிட்-19 மிகக் கடுமையாகப் பரவியது அந்த விடுதிகளில்தான். தமிழ்த் தகவலைக் கைப்பேசியில் படிப்பவர்களில் அவர்கள் ஒரு பெரும்பகுதி. 'சிங்கப்பூரர்களிடம்' நடத்திய ஆய்வில் அவர்களுக்கு இடமே இல்லை.

எண்ணிக்கைக் குறைவு மட்டும் சிக்கல் என்றால் விட்டுவிடலாம். நெருக்கமானவர்களைத்தான் திருத்துவோம் என்ற முடிவு நம் வீட்டுக்குள் வந்ததும் சற்றுத் தடுமாறுகிறது. பெரியப்பா நமக்கு நெருக்கமானவர்தான். ஆனால், அவர் காலையில் அனுப்பிய 'மஞ்சள் நீர் குடித்தால் கிருமி சாகும்' செய்திக்குக் கீழே, ஐம்பது உறவினர்கள் பார்க்க, "இது பொய்" என்று இருபது வயதில் எழுத முடியுமா? தனியாக அவருக்கு அனுப்பலாம். அம்மாவிடம் சொல்லி, அம்மா வழியாகச் சொல்ல வைக்கலாம். அத்தை மகனிடம் சொல்லி அவன் ஏதோ வேடிக்கைப் படத்தைப் போட்டுப் பேச்சை மாற்றலாம். திருத்தம் நடக்கிறது, ஆனால் சுற்றிப் போகிறது. "நீங்கள் திருத்தினீர்களா?" என்று ஆம், இல்லை பாணியில் கேட்கும் வினாத்தாளுக்கு இந்தச் சுற்றுப்பாதை பிடிபடாது. நெருக்கமும் மரியாதையும் ஒரே உறவில் எதிரெதிராக இழுக்கும் நிலை தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல; சீன, மலாய்க் குடும்பங்களிலும் உண்டு. ஆகவே இது சிறுபான்மையினரின் தனிப் புகார் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சொற்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை ஆறாகப் பிரிக்க 34 கட்டுரைகளைப் படிக்க வேண்டியிருந்தது. தமிழில் வதந்தி, புரளி, கட்டுக்கதை, திரிப்பு என்று ஏற்கெனவே தனித்தனியாக வைத்திருக்கிறோம். வதந்தி உண்மையாகவும் இருந்துவிடலாம்; யார் தொடங்கியது என்று தெரியாதது அதன் இயல்பு. புரளியை ஒருவர் கிளப்ப வேண்டும். அங்கே எண்ணம் இருக்கிறது. உண்மை எவ்வளவு, எண்ணம் என்ன என்ற அந்த இரண்டு கோல்களும் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன. புரளியாகப் பிறந்த ஒன்று பெரியப்பாவின் கையில் வதந்தியாகிறது என்று தமிழில் ஒரே வரியில் சொல்லலாம். தமிழில் நேர்காணல் செய்தால், நேர்காணப்படுபவரே நமக்கு வகைப்பாட்டைச் சொல்லிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

இதே இடைவெளி இன்னொரு பெரிய ஆய்விலும் தெரிகிறது. மே லுவின் குழுவினர், ஏஸ்டார் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 2020 ஜனவரி 28 முதல் ஏப்ரல் 9 வரை வந்த 2 கோடிக்கும் மேற்பட்ட டுவிட்டர் பதிவுகளைக் கணினி வழியாக அலசினார்கள். தொடக்கத்தில் அச்சமாக இருந்த உலகின் மனநிலை கோபமாக மாறியதை அந்த ஆய்வு காட்டியது. அரசாங்கங்கள் மக்களிடம் எப்போது எந்தத் தொனியில் பேச வேண்டும் என்பதற்கு அது பயனுள்ள முடிவு. ஆனால், அலசப்பட்டவை ஆங்கிலப் பதிவுகள். தமிழில் ஒருவர் கோபப்பட்டிருந்தால் அந்தக் கோபம் கணக்கில் சேரவில்லை.

ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வினாத்தாளை நான்கு மொழிகளில் தயாரித்து, மொழிபெயர்ப்பு ஒரே பொருளைத் தருகிறதா என்று திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்து, மொழிக்கொரு நேர்காணல் ஆளை அமர்த்தினால் செலவு பல மடங்காகும். இதற்கிடையே பேராசிரியரின் பணி உயர்வு ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தது. பெரிய ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் வருபவை. அறுபது தமிழர்களைப் பற்றிய கட்டுரையை அங்கே ஏற்றுவது எளிதல்ல. எதை எண்ணுகிறோமோ அதற்கே நேரம் போகிறது. எதை எண்ணுவது என்று முடிவெடுக்கும் பல்கலைக்கழகங்களிடமும் நிதி தரும் அமைப்புகளிடமும்தான் என் கேள்வி.

வழி இல்லாமலும் இல்லை. கொள்கை ஆய்வுக் கழகம் 2016ல் இன உறவுகள் குறித்து ஆய்வு நடத்தியபோது, மலாய்க்காரர், இந்தியர் எண்ணிக்கையை விகிதத்துக்கு மேல் கூட்டியே எடுத்தது. சிறுபான்மையினரின் கருத்தைத் தனியாகப் பேசும் அளவுக்கு ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். பொய்ச்செய்தி ஆய்விலும் அதைச் செய்யலாம். 63 பேர் 300 பேர் ஆகலாம்.

இன்னொரு வழி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவர்கள் அந்தக் குடும்பக் குழுக்களுக்குள் ஏற்கெனவே உறுப்பினர்களாக இருக்கிறோம். வாட்ஸ்அப் குழு மூடிய அறை. டுவிட்டரைப் போல வெளியிலிருந்து கணினி வைத்து அள்ள முடியாது. உள்ளே இருப்பதாலேயே அள்ளிவிடவும் கூடாது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் படிவத்தைப் பாட்டி படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதியாக வேண்டும். "தரவு", "பெயர் மறைப்பு", "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்பவற்றைப் பேச்சுத் தமிழில் எப்படிச் சொல்வது? உயர்நிலைத் தமிழ் வகுப்பில் நாம் எழுதிய மின்னஞ்சல், அறிக்கைப் பயிற்சிகள் எதிலும் இது வந்ததில்லை. வினாத்தாளைவிட அந்த ஒரு பக்கப் படிவத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.