விமானியை நிறுத்தி வைக்க முடியுமா?

2020ஆம் ஆண்டு கொவிட்-19 பரவியபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானங்கள் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்சில் நிறுத்தி வைத்தது. அங்கு காற்றில் ஈரம் குறைவு. உலோகம் எளிதில் அரிக்காது. சரி, அவற்றை ஓட்டியவர்கள்?

பயணிகளுடன் பறக்க, விமானி முந்தைய 90 நாள்களில் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும். சிமுலேட்டரில் செய்தாலும் கணக்கில் சேரும். அதோடு, ஏ380 ஓட்டியவர் மறுநாளே போயிங் 777ஐ ஓட்டிவிட முடியாது, அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு (நம் கார் உரிமம்போல் அல்ல!).

அதனால், சரிவு வந்ததும் விமானிகளைப் பணிநீக்கம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளத்தைக் குறைத்தாவது சிமுலேட்டரில் அமர்த்தியிருக்கலாம். ஹாங்காங்கின் கத்தே பசிபிக் 2020இல் கத்தே டிராகனையே மூடியது. 2023 இறுதியில் விடுமுறைக் கூட்டம் திரும்பியபோது, மாற்று விமானிகள் போதாமல் சேவைகளை ரத்து செய்தது.