'நம்ம காலேஜ்' என்று சொல்ல வைப்பது யார்? தேர்தல் இல்லாத வளாகங்களும் மதுரை மாணவர்களும்

2023 நவம்பர் 2. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவை உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். மார்க்சிஸ்ட் மூத்த தலைவர் என்.சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர பல்கலைக்கழகம் தீர்மானித்தும், வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தரவில்லை என்பது காரணம். 13 நாள் கழித்து, நவம்பர் 15-ல் சங்கரய்யா காலமானார்.

ஆளுநர் - அரசு மோதலைப் பற்றித்தான் அன்றைக்கு எல்லோரும் பேசினோம். சங்கரய்யாவிடம் சாதாரண பி.ஏ. பட்டம்கூட ஏன் இல்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்தவர் அவர். மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்ததற்காக 1941-ல் அவரும் கைதானார். இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன. தேர்வு எழுதவே முடியவில்லை.

சிதம்பரத்தில் யாரோ கைதானால் மதுரையில் படிப்பவருக்கு என்ன வந்தது? 'அவங்களும் நம்ம பசங்கதானே' என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அதை உண்டாக்கியது மாணவர் சங்கம். இன்றைக்கு மதுரைக்குப் படிக்க வரும் ஒரு மாணவிக்கு அந்த உணர்வைத் தருவது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

இந்திய மாணவர் சங்கம், அனைத்திந்திய மாணவர் பெருமன்றம், ஏபிவிபி போன்றவை மாணவர் அமைப்புகள். பிடித்தவர்கள் சேரலாம். ஏதோ ஒரு கொள்கையோ கட்சியோ பின்னால் இருக்கும். மாணவர் பேரவை வேறு. வளாகத்தில் படிக்கும் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம் அது. கொள்கை பிடிக்காதவருக்கும் அதுதான் பிரதிநிதி.

தமிழ்நாட்டில் முதல் வகைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதுதான் பெரும்பாலான வளாகங்களில் இல்லை. வகுப்புக்கு ஒரு 'ரெப்' இருப்பார், கல்ச்சுரல்ஸுக்கு ஒரு கமிட்டி இருக்கும். பெரும்பாலும் ஆசிரியர்கள் கைகாட்டியவர்கள். அவர்களால் மேடை போட முடியும். நிர்வாகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது.

காமராசர் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 2024-ல் நிதி நெருக்கடியால் சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிப்போனபோது ஆசிரியர்கள், அலுவலர்கள், ஓய்வுபெற்றவர்கள் போராடினார்கள். இந்த வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு 'மூட்டா' என்ற வலுவான சங்கம் இருக்கிறது. ஊழியர்களுக்கும் சங்கங்கள் உண்டு. ஒரு பல்கலைக்கழகம் தள்ளாடும்போது கடைசியில் அடி விழுவது படிப்பவர்கள் மேல். எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டமும் அவர்கள்தான். அத்தனை பேர் சார்பிலும் உட்கார்ந்து பேச தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குரல் வேண்டாமா?

ஓட்டுக் கேட்டு வருபவன் செய்யும் வேலை

மேலூர்ப் பக்கக் கிராமத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்து இன்னொரு பஸ். வகுப்பு முடிந்ததும் இருட்டுவதற்குள் வீடு சேர ஓட்டம். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளைப் பொறுத்தவரை கல்லூரி என்பது ஒரு வகுப்பறை, ஒரு கேன்டீன், நாலு தோழிகள்.

தேர்தல் நடக்கும் வளாகத்தில் அவளைத் தேடி ஒருவர் வந்தே ஆக வேண்டும். வேதியியல் துறை வேட்பாளருக்குத் தமிழ்த் துறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று முதல்முறையாகத் தெரிவது அப்போதுதான். விடுதி மாணவனின் ஓட்டும் தினம் பஸ்ஸில் வரும் மாணவியின் ஓட்டும் ஒன்றே. அதனால் பஸ் நேரம், கழிப்பறைத் தண்ணீர், விடுதிச் சாப்பாடு, அபராதக் கட்டணம், வராத மதிப்பெண் பட்டியல் எல்லாம் பேச்சுக்கு வரும். ஜெயித்தவர் அதில் இரண்டைச் செய்து முடித்தாலே போதும். 'நான் சொன்னேன், நடந்துச்சு' என்று அவள் வீட்டில் போய்ச் சொல்வாள். கல்லூரி அவளுடையதாவது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆண்டு விழாவில் ஒரே நிற டி-ஷர்ட் போடுவதில் அது வராது.

தோற்றவருக்கும் லாபம் உண்டு. முன்னூறு பேரின் பெயர் தெரிந்திருக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1970-களிலிருந்தே வலியுறுத்திவந்த கருத்து இது: படிப்பைப் பாதியில் விடுவதற்குப் பணமும் மதிப்பெண்ணும் மட்டும் காரணமாவதில்லை, வளாக வாழ்க்கையோடு ஒட்ட முடிகிறதா என்பதும் காரணம். நமக்கு இது முக்கியமான விஷயம். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. நாட்டின் சராசரி 28.4. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறோம். உள்ளே வந்தவரின் கையைப் பிடிப்பது யார் என்பதுதான் பாக்கி.

காலி இடம் காலியாகவே இருக்குமா?

இருக்காது. சென்னையில் 'ரூட் தல' என்று பஸ் வழித்தடத்துக்கு ஒரு தலைவன் முளைத்தான். 2008 நவம்பர் 12-ல் சென்னை சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியாகப் பிரிந்து தாக்கிக்கொண்டதை தமிழ்நாடே டிவியில் பார்த்தது. தென் மாவட்டங்களில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. பள்ளியிலேயே கையில் வண்ணக் கயிறு ஏறிவிடுகிறது. நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024-ல் தந்த அறிக்கையில் அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பையனுக்குப் பதிலாக என்ன கொடுக்கிறோம்? 'நாங்க' என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் அந்த வயதில். சாதியோ, ரசிகர் மன்றமோ, வாட்ஸ்அப் குரூப்போ தயாராகக் காத்திருக்கிறது. பேரவை வந்தால் சாதி ஓடிவிடும் என்று சொல்ல வரவில்லை. சாதி பார்த்து ஓட்டுப் போடுவதும் நடக்கும். ஆனால், சொந்த சாதி ஓட்டு மட்டும் போதாத வேட்பாளர், அடுத்தவர் வகுப்பறைக்கும் போய்த்தான் ஆக வேண்டும்.

2017 ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். ஜல்லிக்கட்டுக்காக தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இரவு பகலாக மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வைகைப் பாலத்தில் ரயில் நின்றது. சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறியது, தெரியாதவர்கள் தோழர்களானார்கள். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத ஒட்டுறவு ஒரு வாரத்துக்குத் தெருவில் கிடைத்தது. 'எங்களுக்குத் தலைவர் இல்லை' என்பது அன்றைய பெருமை. ஜனவரி 22-ல் அவசரச் சட்டத்தோடு ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் வந்தார், ஊர் ஏற்கவில்லை, திரும்பிப் போனார். யாரைக் கூப்பிட்டுப் பேசுவது? மறுநாள் சென்னை மெரினாவில் போலீஸ் புகுந்ததோடு கூட்டம் கலைந்தது.

யாழ்ப்பாணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. அங்கே பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவேந்தலை முன்னின்று நடத்துவதும் அதுதான். மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஜனவரி 11 அதிகாலை துணைவேந்தரே வந்து மாணவர்களோடு சேர்ந்து மீண்டும் அடிக்கல் வைத்தார், உண்ணாவிரதம் முடிந்தது. அரசியல் சூழல் வேறு, உண்மைதான். ஆனால், பேச்சுக்கு உட்கார எதிரே ஆள் இருந்தது.

பிறகு ஏன் தேர்தல் மறைந்தது?

பயம். அதற்குக் காரணங்களும் இருந்தன. 1965 ஜனவரி 25-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பெரும் கலவரமாக வெடித்தது மதுரையில்தான். இரண்டே வருடத்தில், அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 ஓட்டு. மாணவர் மேடை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைக் கட்சிகள் அன்றே புரிந்துகொண்டன. மாணவர்களால் வளர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்தபின் அதே மாணவர்களைப் பார்த்துக் கலங்கினார்கள். 1971-ல் முதல்வர் மு.கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்ததை எதிர்த்துப் போராட்டம், தடியடி, பிறகு குளத்தில் மாணவர் உதயகுமாரின் உடல். (இங்கேயும் ஒரு கௌரவ டாக்டர் பட்டம்!) 1984-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. கட்டணம் கட்டும் பெற்றோரும் வசூலிக்கும் நிர்வாகமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: படிக்க வந்தவன் படித்தால் போதும்.

பெற்றோரின் அச்சத்தைக் கேலி செய்ய மாட்டேன். கம்பம் தாண்டிக் குமுளி ஏறினால் கேரளம். அங்கே கல்லூரி யூனியன் தேர்தல் ஒரு திருவிழா. பல்கலைக்கழகக் கலைவிழாவை நடத்துவதே தேர்ந்தெடுக்கப்பட்ட யூனியன்தான். அதே கேரளத்தில்தான் 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். இடுக்கி மாவட்டம் வட்டவடையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். புதிதாகச் சேரும் மாணவர்களை வரவேற்று சுவரில் எழுதுவதில் வந்த தகராறு. 2024 பிப்ரவரியில் வயநாடு கால்நடைக் கல்லூரி மாணவர் சித்தார்த்தன் கொடுமைக்குள்ளாகி இறந்த வழக்கில், கல்லூரி யூனியன் தலைவரும் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர். ஒரே அமைப்பு வளாகத்தை முழுதாகக் கையில் வைத்திருந்தால் ஒட்டுறவு மிரட்டலாக மாறும். தேர்தல் வைத்தால் மட்டும் இது சரியாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பயத்துக்குப் பதில் தேடித்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சிப் பணம் கூடாது. 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். நிர்வாகப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். அச்சடித்த போஸ்டருக்குத் தடை, கையால் எழுதியது மட்டும்தான். (அச்சடித்த போஸ்டர் இல்லாத தேர்தலை மதுரைக்காரர்கள் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்.)

அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம்; ஆனால், மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிப்பது நல்லதல்ல; 5 ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்கிறது குழு. 2006-லிருந்து கணக்குப் போட்டால் 2011-லேயே அந்தக் கெடு முடிந்திருக்க வேண்டும்.

மாறாக, யுஜிசி 2023-ல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளில், குழுவில் ஒரு மாணவர் இருப்பார். ஆனால் சிறப்பு அழைப்பாளராக. படிப்பு, விளையாட்டு, கலையில் சிறந்தவர் என்று பார்த்து நிர்வாகம் நியமிக்கும்.

இன்னொரு யுஜிசி விதி இதற்கு நேர் எதிர். பாலியல் தொல்லை புகார்களுக்கான 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால் உள் புகார்க் குழுவில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளில் இருந்து மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, பேரவைத் தேர்தலே நடத்தாத கல்லூரியும் இந்த ஒரு தேர்தலை நடத்தியாக வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயரும் தொடர்பு விவரமும் வளாகத்தில் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அடுத்த முறை கல்லூரிக்குப் போகும்போது அந்தப் பலகையில் மூன்று மாணவர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர்களுக்கு ஓட்டுப் போட்டது யார் என்று கேளுங்கள்.