பஸ் போனது, பட்டறை நின்றது

1970களின் தொடக்கத்தில் மதுரை வட்டாரத்தின் டி.வி.எஸ். பஸ்கள் அரசு பஸ்களாயின. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தோம் என்று சொல்லும் பெரியவர்கள் மதுரையில் இன்றும் உண்டு. அப்படிப் பெயரெடுத்த தொழில், அறுபது ஆண்டு உழைப்பு, கைமாறிவிட்டது.

பஸ்ஸை மட்டும் நம்பியிருந்த முதலாளிகள் பலர் அந்த நாட்டுடைமையோடு ஓய்ந்துபோனார்கள். டி.வி.எஸ். குடும்பம் ஓயவில்லை. கையில் பணம் இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அது பாதிக் கதைதான். மீதியைத் தேடினால் பஸ் நிலையத்தை விட்டுப் பட்டறைக்குள் போக வேண்டியிருக்கிறது.

திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி.எஸ். நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்கார், ரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பார்த்துவிட்டு 1911இல் தொழிலில் இறங்கியவர். பஸ் நேரத்துக்கு ஓட வேண்டுமானால் வழியில் நிற்கக் கூடாது. நிற்காமல் ஓட, நல்ல உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் வேண்டும். அதனால் பஸ் ஓட்டுவதோடு நிற்காமல், வண்டியைப் பழுது பார்ப்பதையும் ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கைப்பழக்கத்தைச் சோதித்தது. பெட்ரோல் ரேஷன் ஆனது. 1942இல் மலாயா ஜப்பானிடம் வீழ்ந்ததும் ரப்பருக்கும் தட்டுப்பாடு. பல ஊர்களில் பஸ்கள் ஷெட்டிலேயே முடங்கின. மதுரையில் பஸ்ஸின் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டினார்கள். அதற்குள் அடுப்புக்கரியைப் போட்டு, குறைந்த காற்றில் கனலவிட்டு, எழும் வாயுவை இன்ஜினுக்கு அனுப்பினார்கள். கிளம்புமுன் கனலை ஊதி மூட்ட வேண்டும். சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சுத் திணறும். ஆனாலும் ஓடியது. டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்ற பெயரில் அந்தச் சாதனத்தை அவர்களே தயாரித்தார்கள். தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போடும் ரீட்ரேடிங் தொழிலும் அந்த நெருக்கடியில்தான் வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் உதிரிபாக இறக்குமதி இறுகியபோது, வாங்கி விற்றவர்கள் செய்து விற்கத் துணிந்தார்கள். 1955இல் சுந்தரம் ஐயங்கார் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில், சென்னை பாடியை மையமாகக் கொண்டு வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை வரிசையாக எழுந்தன. சக்கரம், மின்கருவி, பிரேக் என எல்லாமே ஒரு பஸ் டிப்போவில் அன்றாடம் மல்லுக்கட்டிய சாமான்கள். பஸ்களை அரசு எடுத்துக்கொண்ட வேளையில், அந்த பஸ்கள் கற்றுக்கொடுத்த வித்தை இப்படி ஆலைகளாகிவிட்டிருந்தது.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்த அந்த வண்டியைத் தெரியாத தமிழ்க் கிராமம் உண்டா? 2001இல் கூட்டாளியான சுஸுகி பிரிந்தது. ஜப்பானியத் தொழில்நுட்பம் இல்லாமல் இவர்களால் மோட்டார் சைக்கிள் செய்ய முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. அதே ஆண்டில் சொந்த வடிவமைப்பில் விக்டர் வந்தது. மறு ஆண்டு தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு டி.வி.எஸ். மோட்டாருக்குக் கிடைத்தது.

பெட்ரோல் பஞ்சத்தையும் நாட்டுடைமையையும் தாண்டிய குடும்பங்கள்கூடச் சொத்தைப் பிரிக்கும் இடத்தில் உடைந்துபோவதுண்டு. நூறாண்டு கடந்த இந்தக் குடும்பம் 2020 டிசம்பரில் அந்தப் பிரிவினைக்கும் உட்கார்ந்தது. எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்தி வருகிறதோ, அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே என்று பேசி முடித்தார்கள். பிறகு கம்பெனி தீர்ப்பாயத்தின் ஒப்புதல் பெற்று, 2022இல் பாகம் பிரிந்து அவரவர் ஆலைக்குத் திரும்பினார்கள்.