ஒயினில் துவர்ப்பைத் துரத்தாதீர்கள்

அறுசுவையில் துவர்ப்பும் ஒன்று என்று தமிழில் படிக்கிறோம். வேதியியல்காரர்களில் பெரும்பாலோர் அது சுவையே இல்லை, தொடு உணர்ச்சி என்பார்கள். பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு வறண்டு கன்னம் உள்ளே இழுத்துப் பிடிக்கிறதே, அந்தச் சங்கதிதான். சிவப்பு ஒயினிலும் அதே கதை.

காரணம் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின். நம் உமிழ்நீரில் புரோலின் நிறைந்த புரதங்கள் உண்டு. வாய்க்குள் எண்ணெய் போட்ட மாதிரி வழவழப்பைத் தருவதில் இவற்றுக்குப் பங்குண்டு. டானின் இவற்றோடு ஒட்டித் திரிந்துவிடும். வழவழப்பு போய் நாக்கும் அண்ணமும் உரசும். முதல் மடக்கைவிட இரண்டாவது அதிகம் துவர்ப்பது இதனால்தான். புளிப்பு கூடினால் துவர்ப்பும் கூடும். ஆல்கஹால் கூடினால் துவர்ப்பு தணியும், ஆனால் கசப்பு தலைதூக்கும்.

குறைக்கப் பழைய வழி, பிரான்சின் போர்தோ பக்கம் பிரபலமானது: முட்டை வெள்ளைக்கரு. 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. (மிச்சமான மஞ்சள் கருதான் அந்த ஊர் கனெலே கேக் ஆனது என்று ஒரு ஊர்க்கதை உண்டு!) வெள்ளைக்கருவின் புரதம் டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றிவிடுவார்கள். டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான், அங்கே பிடிப்பது பாலின் கேசீன். அளவு மீறினால் துவர்ப்போடு ஒயினின் திடமும் போய்விடும்.

இதைவிட நல்ல வழி தென்மேற்கு பிரான்சின் மதிரானில் பிறந்தது. அங்கே விளைவது டானின் மண்டிய டன்னாட் திராட்சை. பல வருடம் காத்திருந்தால்தான் அந்த ஒயின் வாய்க்கு இணங்கும். 1991-ல் பத்ரிக் துகூர்னோ என்ற தயாரிப்பாளர் தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் பொடிப்பொடிக் குமிழ்களாக ஆக்சிஜனை விட்டுப் பார்த்தார். ஆக்சிஜன் கொஞ்சம் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது டானினையும் நிறமிகளையும் பாலம் போட்டு இணைக்கும். டானின் வெளியேறுவதில்லை, உருமாறுகிறது. உரசலும் மென்மையாகிறது, நிறமும் நிலைக்கிறது.

இதைக் குறுக்குவழி என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. ஓக் மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்று செய்வதும் இதே வேலைதானே? பீப்பாய் செய்தால் பாரம்பரியம், குழாய் செய்தால் மோசடியா? புது ஓக் பீப்பாய் வாங்கக் கட்டுப்படியாகாத சிறு தயாரிப்பாளருக்கு இந்தக் குழாய் பெரிய உதவி. திட்டுவதென்றால், எந்த ஒயினும் வாங்கிய அன்றே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்கிற சந்தையின் அவசரத்தைத் திட்டலாம். அந்த அவசரத்துக்கு ஆடினால் டன்னாட்டுக்கும் மற்ற திராட்சைக்கும் என்ன வித்தியாசம் மிஞ்சும்?

மதிரான் பக்கம் வாத்துக் கறியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து இந்த ஒயினோடு சாப்பிடுகிறார்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினை வாயிலேயே அடக்கிவிடும். தொட்டியில் கை வைக்கவே வேண்டாம் :-)